நிழலுக்கு ஒதுங்கிய ரகசியம்

படைத்தளத்தின் வாயிற்காவலர் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்க்காததுதான் பாக்கி.

"துப்பறியறவங்கன்னு போட்டிருக்கு. ரெண்டு பேர்ல யாருங்க அது?"

"நான்தான்" என்றார் அண்ணியார்.

"அப்ப இவரு?"

"என் கொழுந்தன். கூட இருந்து பேசறதுக்கு."

கொழுந்தனார் இந்த அறிமுகத்தை ஒரு பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார். தன் மனைவி துப்பறியும் தொழிலில் இறங்கியபோது கொழுந்தனாரின் அண்ணன் விதித்த ஒரே நிபந்தனை, தம்பியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதுதான். மனைவியின் பாதுகாப்பில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று உறவினர்கள் நெகிழ்ந்துபோனார்கள். தம்பி வெளியே சென்றிருக்கும் பகல்களில்தான் அண்ணனால் நிம்மதியாகக் கண்ணயர முடிகிறது என்பது குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய செய்தி.

வாசலைத் தாண்டியதும் கண் கூசியது. கான்கிரீட் தரை அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லைப் போலத் தகித்தது. அதன்மேல் போர்விமானங்கள் வரிசையாக நின்றன. ஒரு மரம் இல்லை. வெட்டவெளியில் ஒரு வண்டிகூட இல்லை.

"இத்தனை பேர் வேலை செய்யற இடத்துல ஒரு சைக்கிளைக்கூட காணோமே அண்ணி. எல்லாரும் பறந்து வந்துடறாங்களோ?"

"வாயை மூடிக்கிட்டு வா தம்பி. வெயில் உள்ள போயிடப் போகுது."

தளபதியின் அறை குளிர்ந்திருந்தது. அவருடைய மீசையும் அந்தக் குளிரில் விறைத்திருந்தது. மேசையின்மேல் பெரிதாக அச்சிட்ட ஒரு படம் கிடந்தது. விண்ணிலிருந்து செயற்கைக்கோள் ஒன்று எடுத்த படம் அது. இதே ஓடுதளம், இதே விமான வரிசை. அவற்றுள் எட்டு விமானங்களைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டங்கள் போடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண்களும் இடப்பட்டிருந்தன. பக்கத்து நாட்டு வான்படை இதை உலகமே பார்க்கும்படி வெளியிட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'நண்பர்களின் பலூன் கண்காட்சி. அனைவரும் வருக.'

"இங்க நிக்கறதுல பாதி நிஜ விமானம், பாதி ரப்பர்" என்றார் தளபதி. "காத்தடிச்சு நிறுத்தினது. சண்டைன்னு வந்தா எதிரி குண்டெல்லாம் ரப்பர் மேல விழட்டும்னு ஏற்பாடு. எது ரப்பர்ங்கறது பரம ரகசியம்."

"ரகசியம்தான்" என்று கொழுந்தனார் படத்தைப் பார்த்தவாறே பணிவுடன் ஆமோதித்தார்.

தளபதி அவரை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அண்ணியாரிடம் திரும்பினார். "குற்றவாளி கிடைச்சாச்சும்மா. கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கற வலைப் பிரிவுல ஒரு பொண்ணு. ரப்பர் எங்கெங்க நிக்குதுங்கற ஃபைலைத் திறந்தது அவ மட்டும்தான். இன்னைக்கு சாயங்காலம் ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பறோம். வெளி ஆள் ஒருத்தர் விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்கணும்னு மேலிடத்துல ஒரு சம்பிரதாயம். நீங்க ஒரு டீ குடிச்சுட்டு, சரிதான்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"டீ அப்புறம் குடிக்கறேன்" என்றார் அண்ணியார்.

அடுத்த கூடத்தில்தான் தளத்தின் மூளை இயங்கிக்கொண்டிருந்தது. இக்காலத்து வான்படை விமானம் ஓட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. வான் பிரிவு பறக்கிறது. விண் பிரிவு, யாருடைய செயற்கைக்கோள் எப்போது நம் தலைக்குமேல் வருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறது. வலைப் பிரிவு தன் கம்ப்யூட்டர்களைக் காக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அடுத்தவர் கம்ப்யூட்டர்களையும் 'காக்கிறது'. மூன்றும் ஒரே உடலாக இயங்க வேண்டும் என்பதற்காக மேலிடம் பெருஞ்செலவில் இடைச்சுவர்களை இடித்துக் கொடுத்திருந்தது. சுவர் இருந்த இடங்களில் மூன்று பிரிவினரும் இரும்பு அலமாரிகளை நெருக்கமாக அடுக்கி, அந்தக் குறையைப் போக்கியிருந்தார்கள்.

வான் பிரிவுத் தலைவருக்கு நகக்கண்களில் கிரீஸ் இருந்தது. "எங்க ரப்பரைக் கண்டுபிடிக்கவே முடியாதும்மா. அதே பெயின்ட், அதே நீளம். இஞ்சின் சூடு மாதிரி தெரியணும்னு உள்ள ஹீட்டர்கூட வெச்சிருக்கோம். புதுசா வந்த விமானி ஒருத்தன் ஏறி உக்காந்து பெல்ட் போட்டுட்டான். அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தேடினான்."

"மேல இருந்து பாத்துக் கண்டுபிடிச்சிருக்கலாமே?"

இதற்கு அலமாரிக்கு அப்பாலிருந்து விண் பிரிவுத் தலைவரின் குரல் வந்தது. "சான்ஸே இல்ல. சாட்டிலைட் வர்றதுக்கு முன்னாடி நாங்க மணி அடிச்சுடுவோம். மணி அடிச்சா வெட்டவெளியில ஈ, காக்கா இருக்காது. ஆளைப் பாத்தாதானே எது நிஜம்னு தெரியும்? வெறும் விமானத்தைப் பாத்து என்ன தெரியும்?"

வலைப் பிரிவுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். மென்மையான மனிதர். "எங்க கம்ப்யூட்டர்ல இருந்து எதுவும் களவு போகலைங்க. நிச்சயமா."

"அப்புறம் எப்படிங்க உங்க பொண்ணைப் பிடிச்சுக் குடுத்தீங்க?"

"களவு போச்சுன்னா பிரிவுக்கே அவமானம். ஒரு ஆள் எடுத்துக் குடுத்துட்டான்னா அந்த ஆளுக்கு மட்டும்தான் அவமானம். யோசிச்சுப் பாருங்க, மொத்தமா பாத்தா அவமானம் குறையுது."

இவ்வளவு கணக்காக நன்றிகெட்டவராக இருக்கும் ஒருவரை அதுவரை சந்தித்ததில்லை என்பதால், கொழுந்தனார் அவரை மரியாதையோடு கைகுலுக்கிவிட்டு வந்தார்.

அந்தப் பெண்ணை ஸ்டோர் ரூமில், பழைய நாற்காலிகளுக்கும் கிழிந்த பாராசூட்டுகளுக்கும் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். உடன் வேலை செய்பவர்கள் அவளைப் பூட்டுக்காரி என்று அழைப்பார்களாம். கம்ப்யூட்டர்களின் பூட்டுகளை ஆட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

"ஃபைலைத் திறந்தியாம்மா?" என்று அண்ணியார் கேட்டார்.

"திறந்தேன் அக்கா. கண்டவங்களால திறக்க முடியுமான்னு பாக்கறதுதான் எனக்குக் குடுத்த வேலை. திறந்துச்சு. திறக்குதுன்னு போய்ச் சொன்னேன். பிடிச்சு இங்க உக்கார வெச்சுட்டாங்க."

"திறக்கலன்னு சொல்லியிருந்தா?" என்றார் கொழுந்தனார்.

"சம்பளம் ஏறியிருக்கும் அண்ணா."

"இதையே நீதிமன்றத்துல சொல்லு. விட்டுடுவாங்க."

"சொல்லக் கூடாதே. என் வேலை என்னங்கறதே ரகசியம். ஏன் திறந்தேன்னு வாயைத் திறந்தா, அது ரகசியத்தை வெளியிட்ட ரெண்டாவது குத்தம்." அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "அம்மாகிட்ட ஓவர்டைம்னு சொல்லியிருக்கேன். பத்து வருஷம் ஓவர்டைம்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

கொழுந்தனாரின் நாக்கு நுனியில் ஏதோ ஒரு கேலி வந்தது. அதை அவர் விழுங்கிக்கொண்டார். அவர் அவ்வாறு விழுங்கியது மிகவும் அபூர்வமான நிகழ்ச்சி என்பதை அண்ணியாரும் கவனித்தார்.

"அந்த ஃபைல்ல எத்தனை ரப்பர்?" என்றார் அண்ணியார்.

"ஒன்பது."

"படத்துல வட்டம் எட்டுதான் இருக்கு."

பூட்டுக்காரி நிமிர்ந்தாள். "எனக்குப் படத்தைக் காட்டவே இல்லையே அக்கா."

அண்ணியார் படத்தை விரித்தார். அவள் விரல் வரிசையாக நகர்ந்து, கடைக்கோடியில் வட்டமில்லாத ஒரு விமானத்தின்மேல் நின்றது. "இது ரப்பர். ஃபைல்ல இருக்கு. இதை ஏன் விட்டாங்க?"

"அதைத்தான் கேக்கப் போறோம்" என்று அண்ணியார் எழுந்தார். "நம்ம கையில இருக்கறது இந்த ஒரு நூல்தான் தம்பி. நட."

"வெயில்லயா?"

"ஒன்பதாவது விமானம் ஏசி ரூம்ல இல்ல."

கடைக்கோடி விமானத்தின் அருகில் ஒரு மெக்கானிக் நின்றிருந்தார். இடுப்பில் ஸ்பானர், தலையில் ஈரத்துண்டு. அண்ணியார் அந்த விமானத்தைக் காட்டி, "இது ரப்பர்தானே?" என்றார்.

"தட்டிப் பாருங்க."

கொழுந்தனார் தட்டினார். உலோகம். அதிலும் சுட்டுக்கொண்டிருந்த உலோகம். விரலை உதறிக்கொண்டு அவர் ஆடிய சிறு நடனத்தை மெக்கானிக் ரசித்துப் பார்த்தார்.

"இங்க ரப்பர்தான் நின்னுச்சு. எலி கடிச்சிடுச்சுங்க. பஞ்சர் ஒட்டக் குடுத்திருக்கு. இடம் காலியா தெரியக் கூடாதேன்னு நிஜத்தைக் கொண்டுவந்து நிறுத்தினோம்."

"எப்போ?"

"இந்தப் படம் எடுத்தாங்கன்னு சொல்றாங்களே, அதுக்கு முந்தின நாள்."

"யார்கிட்டயும் சொல்லலையா? ஃபைல்ல மாத்தலையே?"

"எப்படி மாத்தறது? எலி வான் பிரிவோட பொறுப்பா, வலைப் பிரிவோட பொறுப்பான்னு பெரியவங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. கம்ப்யூட்டர் வயரைக் கடிச்ச எலிதான் இதையும் கடிச்சதுன்னு எங்க ஐயா சொல்றாரு. முடிவாகட்டும், மாத்திடலாம்."

அண்ணியாரின் முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது. "புரியுதா தம்பி? ஃபைலைத் திருடியிருந்தா ஒன்பது வட்டம் போட்டிருப்பாங்க. இதையும் ரப்பர்னு நம்பியிருப்பாங்க. அவங்க ஃபைலைப் பாக்கவே இல்ல. அன்னைக்குக் காலையில இங்க எது எப்படி நின்னுச்சோ, அதைக் கண்ணால பாத்துத்தான் போட்டிருக்காங்க."

"அப்ப பொண்ணு தப்பிச்சா!"

"எங்கே தப்பிச்சா? பாத்துச் சொன்ன ஆள் யாருன்னு தளபதி கேப்பாரு. பதில் இல்லைன்னா, கையில இருக்கற ஆளையே அனுப்பிடுவாரு. அவருக்கு வேண்டியது குற்றவாளி இல்ல, ஒரு ஆள்."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

அதை மணி என்று சொல்வது மணிகளுக்குச் செய்யும் அவமரியாதை. ஓடுதளம் முழுவதும் அலறியது. அதுவரை யாருமே இல்லாததுபோல் இருந்த வெட்டவெளியில், எங்கிருந்தோ மனிதர்கள் முளைத்து ஓடினார்கள். ஒருவர் ஸ்கூட்டரில் பறந்தார். எரிபொருள் அளக்கப் போயிருந்த ஜீப் ஒன்று பின்புறமாகவே சீறிக்கொண்டு வந்தது. தலைக்குமேல் எதிரியின் கண் வந்துகொண்டிருந்தது.

கொழுந்தனாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த விமானத்தின் இறக்கைக்கடியில் புகுந்தார்.

"யோவ்! அங்க போகாதய்யா!" என்று நாலாபக்கமிருந்தும் குரல்கள் எழுந்தன. "அது நிஜம்! இங்க வா! ரப்பருக்கு வா!"

மெக்கானிக் அவர் சட்டைக்காலரைப் பற்றி இழுத்துக்கொண்டு, இரண்டு விமானங்கள் தள்ளியிருந்த ஒன்றின் கீழ் சேர்த்தார். அண்ணியார் அங்கே அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். யார் கையிலும் காலரைக் கொடுக்காமல் வந்திருந்தார்.

அது ஓர் இனிய உலகம். ரப்பர் வயிற்றின் கீழ் ஸ்கூட்டர்கள் அணிவகுத்து நின்றன. சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இளைப்பாறின. ஜீப்பின் முன்மூக்கு மட்டும் இறக்கை நிழலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றப்பட்டது. யாரோ ஒருவர் சீட்டுக்கட்டைக் கலைத்தார்.

"ஏங்க, எல்லா வண்டியும் இங்கதானா?" என்றார் அண்ணியார்.

"வேற எங்க விடறது?" என்று மெக்கானிக் டீயை ஊதினார். "நிஜ விமானத்துக்குக் கீழ வண்டி விடக் கூடாது. எண்ணெய் சொட்டும், குண்டு மாட்டியிருக்கும். அது வான் பிரிவு உத்தரவு. வெட்டவெளியில வண்டி நிக்கக் கூடாது, சாட்டிலைட் எண்ணிடும். அது விண் பிரிவு உத்தரவு. கட்டடத்துப் பக்கம் வண்டியே வரக் கூடாது, வண்டிக்குள்ள இருக்கற போன் வழியா யாராவது ஒட்டுக் கேட்டுடுவாங்களாம். அது வலைப் பிரிவு உத்தரவு."

"அப்ப மிச்சம்?"

"ரப்பர்தான். நல்ல நிழல்."

கொழுந்தனார் டீக்கோப்பையை வாய்க்குப் பாதிவழியில் நிறுத்தினார். "அண்ணி..."

"ம்."

"மூணு பிரிவும் ஒத்துமையா சேர்ந்து ஒரே ஒரு காரியம்தான் செஞ்சிருக்காங்க. அது இதுதானா?"

அண்ணியார் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தை ஜீப்பின்மேல் விரித்து, எட்டாவது வட்டத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறக்கையின் ஓரத்தில் ஒரு கம்பி, சைக்கிளின் கைப்பிடி. வால் அருகே ஒரு புள்ளி, ஸ்கூட்டரின் பின்விளக்கு. முதல் வட்டத்துக்கு வந்ததும் அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"அந்தப் பெரிய விமானம், தனியா நிக்குதே, அதுக்குக் கீழ யாரு வண்டி விடறது?"

"அங்க நாங்கள்லாம் விடக் கூடாதுங்க" என்று மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அது பெரியவங்க நிழல்."

தளபதியின் அறைக்கு மூன்று பிரிவுத் தலைவர்களும் வரவழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் தமக்கிடையே அலமாரி இல்லாததால் சற்றுக் கூச்சத்துடன் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அண்ணியார் சுருக்கமாகவே சொன்னார். ஒற்றர் எவரும் இல்லை. எட்டு விமானங்களின் கீழ் வண்டிகள் நிற்கின்றன. மற்ற விமானங்களின் கீழ் ஒரு சைக்கிள்கூட இல்லை. குண்டு மாட்டிய விமானத்துக்கடியில் யாரும் ஸ்கூட்டர் நிறுத்தமாட்டார்கள் என்பது பக்கத்து நாட்டுக்காரருக்கும் தெரியும்.

தளபதியின் முகம் சிவந்தது. கை மேசையைத் தேடி அறைந்தது.

"கொஞ்சமாவது அறிவு இருக்கா? நாட்டோட பாதுகாப்பைவிட இவனுங்களுக்கு நிழல் பெருசாப் போச்சா? யார் யார் வண்டின்னு சொல்லுங்கம்மா. அந்த ஆளை இன்னைக்கே சட்டையைக் கழட்டி அனுப்பறேன். எவனா இருந்தாலும் சரி!"

"எவனா இருந்தாலுமா?" என்று கொழுந்தனார் மிகுந்த மரியாதையுடன் உறுதிப்படுத்திக்கொண்டார்.

"எவனா இருந்தாலும்!"

"ஏழு வட்டத்துல தெரியறதெல்லாம் துண்டு துண்டு" என்றார் அண்ணியார். "கைப்பிடி, விளக்கு, மூக்கு. அதை வெச்சு யாரையும் உறுதியா சொல்ல முடியாதுங்க. அவங்களுக்கும் அதைப் பாத்து முதல்ல சந்தேகம்தான் வந்திருக்கும். முதல் வட்டத்துலதான் சந்தேகமே தீந்திருக்கு. அதனாலதான் அதுக்கு ஒண்ணாம் நம்பர். அந்த வண்டி நீளம். நிழலுக்குள்ள முழுசா அடங்கல."

"என்ன வண்டி?"

"வெள்ளைக் கார். முன்னால கொடிக்கம்பம்."

தளபதியின் முகத்தில் ஈயாடவில்லை. வான் பிரிவுத் தலைவர் தம் நகங்களை ஆராய்ந்தார். வலைப் பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சில காட்சிகளைத் தெளிவாகப் பார்ப்பது அடக்கமான மனிதருக்கு அழகல்ல.

விண் பிரிவுத் தலைவர்தாம் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு நிமிஷம். நமக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, இல்லையா? வண்டியையெல்லாம் நிஜ விமானத்துப் பக்கம் தள்ளிட்டா? அடுத்த படத்துல நிஜத்தையெல்லாம் ரப்பர்னு வட்டம் போட்டுக் கொண்டாடுவாங்க!"

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் தளபதி, உயிர் திரும்பியவராக.

"குண்டு இருக்கற இடத்துல வண்டியா?" என்று வான் பிரிவுத் தலைவர் துள்ளினார். "பெட்ரோல் சொட்டு இல்லாம இறக்கணும். பேட்டரியைக் கழட்டணும். அப்பதான் சம்மதிப்பேன். முக்கியமா அந்த நீளமான கார். அதைத்தான் அவங்களுக்கு நல்லா அடையாளம் தெரியும். அது நகரவே கூடாது."

தளபதி அதை விழுங்கினார். அந்த விழுங்கலிலிருந்தே அவருக்கு அடுத்த யோசனையும் பிறந்தது. "சரி. ஆனா இது பலிக்கணும்னா, நாம இன்னும் ஒற்றனைத்தான் தேடறோம்னு அவங்க நம்பணும். யாரையாவது பிடிச்சு அனுப்பினாத்தான் நம்புவாங்க. அதனால அந்தப் பொண்ணு போய்த்தான் ஆகணும். நாட்டுக்காக."

இவ்வளவு நேரம் இந்த மனிதர் முட்டாள் என்று எண்ணிக் கொழுந்தனார் தெம்பாக இருந்தார். தளபதி சொன்னதில் இப்போது ஓர் ஓட்டைகூட இல்லை. அவள் குற்றம் செய்யவில்லை என்று நிரூபித்ததாலேயே அவளை அனுப்ப ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

சன்னலுக்கு வெளியே, ஓடுதள ஓரத்தில், கம்பிவலை அடித்த மூடிய வேன் ஒன்று வந்து நின்றது. இரண்டு காவலர்கள் இறங்கினார்கள். உத்தரவு கேட்காமலே பூட்டுக்காரியையும் யாரோ அழைத்து வந்து கதவருகில் நிறுத்திவிட்டார்கள்.

"அவளைக் கேக்க வேண்டாமா?" என்றார் அண்ணியார். தளபதி சொன்னது அனைத்தையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். வண்டி நிழல், ஒன்றாம் வட்டம், அடுத்த படம், நாட்டுக்காக.

பூட்டுக்காரி கைகளைப் பிசைந்தபடி கேட்டாள். பின்பு, "ஒரு சந்தேகம் ஐயா" என்றாள். "நான் போறதை அவங்க எங்கேயிருந்து பாப்பாங்க?"

"மேல இருந்துதான்" என்றார் தளபதி.

"மேல இருந்து பாத்தா முகம் தெரியுமா?"

தம் துறையைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாமலிருக்க விண் பிரிவுத் தலைவருக்கு வராது. "முகமா? தெரியவே தெரியாது. தொப்பி தெரியும், தோள் தெரியும். ரெண்டு பேர் ஒருத்தரைப் பிடிச்சு வண்டியில ஏத்தறாங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப யார் போனாலும் ஒண்ணுதானே ஐயா?" "ஃபைலோட பூட்டை இப்ப சரி பண்ண வேண்டாம். உள்ள தப்பான பட்டியலை வெச்சுத் திறந்தே விட்டுடலாம். மேலயும் அதே பொய், உள்ளயும் அதே பொய்னா நம்பிடுவாங்க. ஆனா அதை வெக்க ஆள் வேணும். அந்தப் பூட்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இது... நல்லாத்தான் இருக்கு" என்றார் வலைப் பிரிவுத் தலைவர். எந்தப் பக்கம் அவமானம் குறைவு என்று அவர் கணக்கிட்டு முடித்திருந்தார்.

"அப்ப வேன்ல யாரைத்தான் ஏத்தறது?" என்று தளபதி இரைந்தார். "காலியா அனுப்பவா?"

"ஐயா வீட்டுக்குப் போக வண்டி வேணுமே" என்று வான் பிரிவுத் தலைவர் மெல்லச் சொன்னார். "காருல பெட்ரோலை இறக்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன்."

அந்தக் கருத்து அறையில் பரவுவதற்குச் சிறிது அவகாசம் தேவைப்பட்டது. பரவியதும், தளபதியைத் தவிர எல்லோருக்கும் அது மிகவும் பிடித்துப்போனது.

"என்னையா? நான் இந்தத் தளத்தோட தளபதி!"

"மேல இருந்து பாத்தா தொப்பிதாங்க" என்றார் கொழுந்தனார். "சாதாரணத் தொப்பியா ஒண்ணு மாட்டிக்கலாம்."

அண்ணியார் கைப்பையை மூடினார். "என் ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போகணும். ஒற்றன் இல்ல, வண்டி நிறுத்தினதுதான் காரணம்னு எழுதணும். யார் வண்டிங்கறதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஏழு வட்டத்துல உறுதியா தெரியல. ஒண்ணாவதுலயும் அன்னைக்கு மேகமா இருந்திருக்கலாம். என்ன சொல்றீங்க?"

தளபதி படத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, தம் கீழ் வேலைபார்க்கும் ஒரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்தார்.

"மேகமாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்ப இவளை அனுப்பற உத்தரவு?"

அவர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து, யாருக்கும் கொடுக்காமல் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

மாலையில் மீண்டும் மணி அலறியது. ஆட்கள் ஓடி மறைந்தார்கள். பெட்ரோல் இல்லாத வண்டிகள் நிஜ விமானங்களின் ஓரங்களில் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. கட்டடத்துக்கு எதிரே, வெட்டவெளியின் நடுவில் வேனும், இரண்டு காவலர்களும், அவர்களுக்கிடையே சாதாரணத் தொப்பி அணிந்த ஒரு கனத்த உருவமும் மட்டும் மிஞ்சினார்கள். மற்றவர்கள் கட்டடத்தின் சன்னல்களில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வேலைக்குத் திரும்பியிருந்த பூட்டுக்காரியும் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்திருந்தாள்.

காவலர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வது கேட்டது. "ஐயா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏறணும்."

"எதுக்கு?"

"பிடிபட்டவங்க அப்படித்தாங்க ஏறுவாங்க. மேல பாத்துக்கிட்டிருக்காங்க."

தளபதி குனிந்தார்.

பூட்டுக்காரி சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று தொழில் அக்கறையோடு கணித்தாள்.

"பத்தாது அண்ணா" என்றாள்.

கொழுந்தனார் இரு கைகளையும் வாயருகே குவித்து, தம்மால் இயன்ற அளவு பணிவான குரலில் கூவினார்.

"ஐயா! இன்னும் கொஞ்சம்!"